லேடாங் மலையின் செல்வம்

ஜொகூர் மாநில மலைகளில் உயரத்தால் முதன்மை பெற்றது லேடாங். தங்காக் நகருக்கு அண்மையில், மலாக்கா எல்லையை ஒட்டி 1,276 மீட்டர் உயர்ந்து நிற்பது. மேலைநாட்டார் இதனை ‘ஓபீர்’ என்றனர். சாலமோன் மன்னனின் கப்பல்கள் பொன் ஏற்றி வந்ததாக விவிலியம் கூறும் நாட்டின் பெயர் அது. பெயரிட்டோர் நாடியது பொன். மலையில் நிறைந்திருந்த செல்வமோ வேறு.

மலாய் மக்கள் இம்மலையை ஓர் இளவரசியின் உறைவிடமாகக் கருதினர். அக்கதையைக் கூறும் ‘செஜாரா மெலாயு’ என்னும் வரலாற்று நூலை 1612இல் ஜொகூர் முதலமைச்சர் துன் ஸ்ரீ லானாங் திருத்தியமைத்தார் என்பது மரபு. மலாக்கா சுல்தான் மகமூது ஷா இளவரசியை மணக்க விரும்பித் தூதனுப்பினான். முதுமையுற்ற வீரன் ஹாங் துவா ஏற மாட்டாது நின்றான். துன் மாமாட் மேலே சென்றான். பொன்னால் ஒரு பாலம், வெள்ளியால் ஒரு பாலம், ஏழு தட்டுக் கொசு நெஞ்சு, ஒரு தாழி கண்ணீர் எனப் பரிசம் நீண்டது. இறுதியில் மன்னன் குருதியும் அவன் மகன் குருதியும் ஒவ்வொரு கிண்ணம் வேண்டும் என்றாள். ஏனையவற்றைத் தேடித் தரலாம், குருதி தர இயலாது என்று மன்னன் பின்வாங்கினான். நற்றிணை பேசும் கொல்லிப்பாவையை அறிந்த தமிழர்க்கு, மலையில் உறையும் அணங்கு புதியவள் அல்லள். எனினும் லேடாங் இளவரசி காண்பாரை மயக்குபவள் அல்லள். அரசனின் ஆசைக்கு எல்லை வகுப்பவள்.

1854இல் ஆங்கில இயற்கை அறிஞர் ஆல்பிரட் ரசல் வாலஸ் ஆறு மலாய்க்காரரின் துணையுடன் இம்மலையை அடைந்தார். டார்வினின் கட்டுரையுடன் 1858இல் வெளியான அவரது இயற்கைத் தேர்வுக் கொள்கைக்கு நான்காண்டு முற்பட்ட பயணம் இது. அட்டைகள் மொய்க்கும் காட்டைக் கடந்து, ‘பாடாங் பத்து’ என்னும் வழுக்குப் பாறைச் சரிவை அடைந்தபோது தாகம் வாட்டியது. நீரோ இல்லை. குடுவைச் செடிகளில் தேங்கி, பூச்சிகள் மிதந்த நீரையே பருகினர். அழகிய பெரணிகளைக் கண்டு வியந்தார். ஆர்கஸ் பறவையைத் தேடியும் காணவில்லை. இருபதாண்டு அக்காட்டில் வேட்டையாடிய முதியவரும் அதனைச் சுட்டதில்லை என்றாராம். யானை, காண்டாமிருகம் ஆகியவற்றின் தடயங்கள் மட்டும் தென்பட்டன.

பின்னர் மலையடிவாரத்து நிலங்கள் ரப்பர் தோட்டங்களாயின. அவற்றில் தமிழரின் உழைப்பும் கலந்தது. காண்டாமிருகமோ தீபகற்பக் காடுகளிலிருந்து மறைந்தது. மலேசியாவில் இறுதியாக எஞ்சியிருந்ததும் 2019 நவம்பரில் சபாவில் இறந்தது. வேட்டையும் காடழிப்பும் இதற்குக் காரணங்கள்.

இன்று லேடாங் ஜொகூர் தேசியப் பூங்காக்களுள் ஒன்று. அருவியில் நீராடவும் உச்சியைக் காணவும் மக்கள் வருகின்றனர். மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர், இளவரசியின் கதையோடு, வாலஸ் கண்ட தடயங்களில் எவை மறைந்தன என்பதையும் கூறுதல் வேண்டும். தரக்கூடாத விலை ஒன்று உண்டென்று மன்னன் உணர்ந்தான். காட்டைப் பொறுத்தவரை நாம் அதனை உணரப் பிந்திவிட்டோம்.