பொக்லைன் இயந்திரத்தின் அன்றாடச் சோதனை: ஒரு வரலாறு

மண் தோண்டும் இயந்திரத்தைத் தமிழ்நாட்டில் பொக்லைன் என்று அழைப்பது வழக்கம். நாளிதழ்களும் அப்படியே எழுதுகின்றன. பொக்லைன் என்பது உண்மையில் ஒரு பிரெஞ்சு நிறுவனத்தின் பெயர். சக்கரங்களுக்குப் பதிலாக இரும்புச் சங்கிலித் தடத்தில் நகரும் பெரிய வகையைப் பலர் ஹிட்டாச்சி என்பார்கள். அதுவும் ஒரு நிறுவனத்தின் பெயரே, ஜப்பானியப் பெயர். இக்கட்டுரை சங்கிலித் தட வகையைப் பற்றியது.

இந்த இயந்திரத்தை இயக்குபவர் காலையில் சாவியைத் திருப்புவதற்கு முன் அதை ஒருமுறை சுற்றி வந்து பார்க்க வேண்டும் என்று எல்லா உற்பத்தியாளர்களின் கையேடுகளும் கூறுகின்றன. எஞ்சின் ஆயில், கூலன்ட், ஹைட்ராலிக் ஆயில் ஆகியவற்றின் அளவு, கசிவு, சங்கிலியின் தளர்வு, பக்கெட்டின் பற்கள், பின்கள், கண்ணாடி, ஹாரன், சீட் பெல்ட் எனப் பட்டியல் நீளும். பத்துப் பதினைந்து நிமிட வேலைதான். ஆனால் இந்தப் பட்டியல் ஒரே நாளில் எழுதப்பட்டதன்று. இயந்திரம் மாறிய ஒவ்வொரு முறையும் அதில் புதிய வரிகள் சேர்ந்தன. அதே காலத்தில் இயந்திரத்தைக் கவனித்துக்கொள்ளும் ஆட்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். முன்பு நான்கைந்து பேர் பார்த்த வேலை இன்று ஒரு தாளில் அடங்கி, ஒருவர் கைக்கு வந்திருக்கிறது.

நீராவிக் காலம்

அமெரிக்கரான வில்லியம் ஓட்டிஸ் நீராவியால் இயங்கும் மண்வாரிக்கு 1839-இல் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டில், 30 வயதை எட்டுமுன்பே அவர் இறந்துவிட்டார். மின்தூக்கியால் புகழ்பெற்ற எலிஷா ஓட்டிஸ் இவருடைய உறவினர். வில்லியமின் இயந்திரம் ரயில் பாதை அமைக்கப் பயன்பட்டது. அதுவும் தண்டவாளத்தின் மீதே நின்று வேலை செய்தது.

நீராவி மண்வாரிக்கு ஒரு குழுவே தேவைப்பட்டது. நெம்புகோல்களை இயக்க ஒருவர், இயந்திரத்தின் கைப்பகுதியில் நின்று வாளியின் அடிக்கதவைத் திறந்துவிட ஒருவர், கொதிகலனுக்கு நிலக்கரி போட ஒருவர், தண்டவாளத்தைப் பெயர்த்து முன்னே போடச் சில கூலியாட்கள் எனக் குழு பெரியதாக இருந்தது. விடியுமுன்பே நெருப்பு மூட்டினால்தான் வேலை நேரத்துக்கு நீராவி தயாராகும். அந்தக் காத்திருப்பு நேரத்தில் மூட்டுகளுக்கு எண்ணெய் விடுவதும், ஆணிகளை இறுக்குவதும் இயல்பாகவே நடந்தன. அன்றாடச் சோதனைக்கென்று தனியே நேரம் ஒதுக்க வேண்டிய தேவை அப்போது எழவில்லை.

அக்காலத்தின் பெரிய அச்சம் கொதிகலன். நெருப்புக்கு மேலே உள்ள தகட்டை நீர் எப்போதும் மூடியிருக்க வேண்டும். நீர்மட்டம் இறங்கினால் தகடு பழுத்து வலுவிழந்து வெடிக்கும். ஆகவே நீர்மட்டக் கண்ணாடியையும் காப்பு வால்வையும் பார்ப்பதே நாளின் முதல் வேலையாயிற்று. மண்வாரிகளில் மட்டும் இருந்த ஆபத்தன்று இது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிராக்டன் நகரில் 1905-இல் ஒரு காலணித் தொழிற்சாலையின் கொதிகலன் வெடித்து 58 பேர் இறந்தனர். அதன் பின்னரே அம்மாநிலம் கொதிகலன்களுக்குக் கடுமையான விதிகளை வகுத்தது. இந்தியாவில் கொதிகலன் சட்டம் 1923-இல் வந்தது. இன்று எஞ்சினைத் தொடங்குமுன் கூலன்ட் அளவைப் பார்க்கும் பழக்கத்தை இந்த நீர்மட்டக் கண்ணாடியின் வழித்தோன்றல் எனலாம்.

நீராவி மண்வாரிகளின் பெருமைக்கும் பாட்டுக்கும் பனாமாக் கால்வாயே சிறந்த சான்று. அமெரிக்கர்கள் 1904-இல் பொறுப்பேற்று 1914-இல் திறந்த அக்கால்வாயில், குலேப்ரா மலை வெட்டில் பியூசைரஸ், மாரியன் நிறுவனங்களின் மண்வாரிகள் வரிசையாக நின்று தோண்டின. 95 டன் எடையுள்ள பியூசைரஸ் மண்வாரி ஒரே அள்ளலில் ஏறத்தாழ 8 டன் மண்ணையும் பாறையையும் எடுக்கும். பகலில் தோண்டுவது ஒரு குழு. இரவில் நிலக்கரி நிரப்பிப் பழுது நீக்குவது வேறொரு குழு. கோர்கோனா என்ற ஊரில் பெரிய பழுதுபார்ப்புப் பட்டறையே இயங்கியது. கால்வாயின் கதையில் தோண்டியவர்களைப் பேசும் அளவுக்கு இந்த இரவுக் குழுக்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது ஒரு குறையே.

சங்கிலித் தடம்

கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் பகுதியில் ஆற்று வண்டல் நிலம் மிகவும் இளகியது. கனமான நீராவி டிராக்டர்கள் அதில் புதைந்தன. பெஞ்சமின் ஹோல்ட் 1904 நவம்பரில் ஒரு டிராக்டரின் பின்சக்கரங்களைக் கழற்றிவிட்டு, மரப்பலகைகள் பொருத்திய சங்கிலித் தடத்தை மாட்டி ஓட்டிப் பார்த்தார். எடை பரந்த இடத்தில் விழுந்ததால் இயந்திரம் புதையவில்லை. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் மண்வாரிகளும் தண்டவாளத்தை விட்டுச் சங்கிலிக்கு மாறின. தண்டவாளம் நகர்த்திய கூலியாட்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று.

ஆனால் சங்கிலி தன் பங்குக்குப் புதிய வேலையைக் கொண்டுவந்தது. அது தளர்ந்தால் திருப்பும்போது கழன்றுவிடும். அளவுக்கு மீறி இறுகினால் பின், புஷ், ஸ்ப்ராக்கெட் எல்லாம் விரைவில் தேயும். இன்று பூமை ஒரு பக்கம் திருப்பி, பக்கெட்டைத் தரையில் ஊன்றி, அந்தப் பக்கத்துச் சங்கிலியைத் தரையிலிருந்து தூக்கி, அது எவ்வளவு தொங்குகிறது என்று அளக்கிறார்கள். உள்ளே இருக்கும் ஒரு சிலிண்டருக்குள் கிரீஸ் செலுத்தினால் சங்கிலி இறுகும். கிரீஸை வெளியேற்றினால் தளரும். அந்த கிரீஸ் மிகுந்த அழுத்தத்தில் இருப்பதால், வால்வை நேரெதிரே குனிந்து நின்று திறப்பது உயிருக்கே ஆபத்து. பக்கவாட்டில் நின்று சிறிது சிறிதாகத்தான் தளர்த்த வேண்டும்.

கம்பிவடமும் ஆயிலரும்

டீசல் எஞ்சின் வந்ததும் கொதிகலனும் நெருப்பு மூட்டுபவரும் மறைந்தனர். பூமையும் வாளியையும் இன்னும் எஃகுக் கம்பிவடங்களே இழுத்தன. வடத்தில் இழை அறுந்திருக்கிறதா, பிரேக் பட்டை தேய்ந்திருக்கிறதா என்பவை பட்டியலில் சேர்ந்தன. அமெரிக்காவில் ஓட்டுநருக்கு உதவியாக ஆயிலர் என்ற ஓர் ஆள் இருந்தார். எண்ணெய் விடுதல், கிரீஸ் அடித்தல், சுற்றிலும் ஆள் வருகிறார்களா என்று பார்த்தல் ஆகியவை அவர் பணி. தொழிற்சங்க ஒப்பந்தங்களிலும் இப்பணிக்கு இடம் இருந்தது. அடுத்த தலைமுறை ஓட்டுநர்கள் பலர் இப்படித்தான் தொழில் கற்றார்கள்.

எண்ணெய் அழுத்தம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இத்தாலியிலும் பிரான்சிலும் ஜெர்மனியிலும் ஹைட்ராலிக் இயந்திரங்கள் உருவாயின. ஜெர்மனியின் டெமாக் நிறுவனம் 1954-இல் முழுச்சுற்று திரும்பும் ஹைட்ராலிக் இயந்திரத்தைச் சங்கிலித் தடத்தில் வெளியிட்டது. ஹிட்டாச்சி 1965-இல் யூஎச்03 என்ற இயந்திரத்தைச் சொந்தத் தொழில்நுட்பத்தில் செய்தது. வடங்களும் உருளைகளும் போய், எண்ணெயும் குழாய்களும் வந்தன. ஓட்டுநர் ஒருவரே போதும் என்ற நிலையும் வந்தது. பல நாடுகளில் ஆயிலர் என்ற பணியே தேய்ந்துபோனது.

வடம் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியும். எண்ணெயின் ஆபத்து அப்படித் தெரிவதில்லை. 20 டன் வகை இயந்திரத்தில் ஹைட்ராலிக் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 350 கிலோ அளவுக்குப் போகும். கார் டயரில் இருப்பது 2 கிலோவுக்குச் சற்று மேல். இந்த அழுத்தத்தில் ஹோஸில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால், வெளிவரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே புகுந்துவிடும். மேலே ஒரு சிறு புள்ளி மட்டுமே தெரியும்; உடனே அறுவைச் சிகிச்சை செய்யாவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரிடும். கசிவைக் கையால் தடவிப் பார்க்கக் கூடாது, அட்டையை நீட்டிப் பார்க்க வேண்டும் என்று கையேடுகள் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

ஹைட்ராலிக் ஆயில் அளவைப் பார்ப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. சிலிண்டரின் தண்டு வெளியே நீண்டிருக்கும்போது அதற்குள் அதிக எண்ணெய் நிற்கும். தொட்டியில் மட்டம் குறையும். ஆகவே பூம், ஆர்ம், பக்கெட் மூன்றும் எந்த நிலையில் இருக்கும்போது அளக்க வேண்டும் என்பதைக் கையேடு படம் போட்டுக் காட்டும். அதைக் கவனிக்காமல் எண்ணெய் குறைவு என்று நினைத்து ஊற்றினால் தொட்டி நிரம்பி வழியும்.

சில வரிகள் மனிதத் தவறுகளால் சேர்ந்தவை. ஓட்டுநரின் சட்டை நெம்புகோலில் மாட்டினாலும் இயந்திரம் அசையும் என்பதால் இருக்கையின் பக்கத்தில் பூட்டு நெம்பு வைத்தார்கள். அது வேலை செய்கிறதா என்பதையும் தினமும் பார்க்க வேண்டும். மேல்பகுதி அரைச்சுற்றுத் திரும்பி நிற்கும்போது, முன்னே போகத் தள்ளினால் வண்டி ஓட்டுநருக்குப் பின்புறமாகப் போகும். நகர்த்துமுன் ஸ்ப்ராக்கெட் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

சட்டமும் கையேடும்

சுரங்கங்களில் ஓடும் இயந்திரத்தை ஒவ்வொரு ஷிப்ட்டிலும் இயக்குமுன் ஓட்டுநரே சோதிக்க வேண்டும் என்று அமெரிக்க விதி கூறுகிறது. கால முறைப் பராமரிப்புக்கு நாட்காட்டி அதிகம் பயன்படாது. ஹவர் மீட்டர்தான் கணக்கு. 10 மணி நேரத்துக்கு ஒரு முறை செய்வதே அன்றாடச் சோதனை. 50, 250, 500, 1000, 2000 மணி எனப் படிகள் தொடரும். எஞ்சின் ஆயில் பெரும்பாலும் 250 அல்லது 500 மணியில் மாற்றப்படும். ஹைட்ராலிக் ஆயில் சில ஆயிரம் மணி தாங்கும்.

இந்தியாவில்

இந்தியாவில் லார்சன் அண்ட் டூப்ரோ நிறுவனம் பொக்லைன் வகை இயந்திரங்களைத் தயாரித்தது. டாடாவின் டெல்கோ நிறுவனம் 1980-களில் ஹிட்டாச்சியுடன் கைகோத்தது. பெயர்கள் நம் ஊருக்கு வந்த வழி இதுதான். மேலைநாடுகளில் மறைந்த ஆயிலர் இங்கு மறையவில்லை என்பது கவனிக்கத்தக்கது. கல்குவாரியிலும் ஏரி தூர்வாரும் இடத்திலும் ஆப்பரேட்டருடன் ஒரு ஹெல்பர் இருப்பது இன்றும் வழக்கம். கிரீஸ் கன்னைப் பிடிப்பதும், டீசல் தொட்டியின் அடியில் தேங்கிய தண்ணீரை வடிப்பதும், பக்கெட் பல்லின் பின் கழன்றிருந்தால் முதலில் காண்பதும் அவரே. அவருக்கு இந்தப் பட்டியலை எழுதிக் கொடுப்பவர் குறைவு. பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்கிறார்.

இப்போது எண்ணெய் வெப்பம், எரிபொருள் அளவு, ஓடிய மணிகள் ஆகியவற்றைச் செயற்கைக்கோள் வழியாக உரிமையாளர் வீட்டிலிருந்தே அறியலாம். சங்கிலியில் கழன்ற போல்ட்டையும், ஆர்மின் வெல்டிங்கில் விழுந்த மயிரிழை விரிசலையும், பின்புற எடைக்கும் சுவருக்கும் நடுவே நிழலுக்காக உட்கார்ந்திருக்கும் ஆளையும் அந்தக் கருவிகள் சொல்வதில்லை. அவற்றைக் காண ஒருவர் இன்றும் இயந்திரத்தைச் சுற்றி நடந்தாக வேண்டியிருக்கிறது.