கீழாநெல்லியும் அம்மாவும்

அம்மா கொல்லையில துளசி, தூதுவளை, ஆடாதொடை எல்லாம் நட்டு வளர்க்கிறாங்க. கீழாநெல்லி மட்டும் தானா முளைச்சது. பத்தாவது படிக்கும்போது எனக்கு மஞ்சள் காமாலை. அதை வேரோட அரைச்சு, மோர்ல கலந்து வெறும் வயித்துல கொடுத்தாங்க. சரியாயிடுச்சு.

இந்தச் செடிக்கு ஒரு ஆய்வுக்கூட வரலாறும் உண்டு. ஹெபடைடிஸ்-பி வைரஸ் கண்டுபிடிப்புக்காக 1976-ல் நோபல் பரிசு வாங்கிய புளூம்பெர்க், சென்னை ஆய்வாளர் தியாகராஜனோடு சேர்ந்து இதை ஆராய்ந்தார். 1988-ல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது. வைரஸ் உடம்பில் தங்கிவிட்டவர்களில், கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் அதன் அடையாளம் மறைந்திருந்தது. போலி மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான். ஆனால் பிறகு தாய்லாந்து போன்ற இடங்களில் சோதித்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை.

அப்போ எனக்குச் சரியானது? அனேகமா தண்ணியில பரவுற ஹெபடைடிஸ்-ஏ. பெரும்பாலும் அது தானாவே குணமாயிடும். தயங்கித் தயங்கி அம்மாகிட்ட சொன்னேன். ஒண்ணும் பேசலை.

மறுநாள் பக்கத்து வீட்டு அக்கா, பையனுக்குக் காமாலைன்னு கீழாநெல்லி கேட்டு வந்தாங்க. அம்மா பறிக்கலை. "மொதல்ல ரத்தம் டெஸ்ட் பண்ணி டாக்டர்கிட்ட காட்டு. செடி எங்கயும் போயிடாது" என்றார்.

எனக்குத்தான் என்னவோ போலிருந்தது.