மாட்டுங்காவில் யார் வீட்டுச் சாப்பாடு?

மும்பைக்கு வரும் நம் அங்கத்தினர்கள் என்னிடம் தவறாமல் கேட்பது, "மாட்டுங்காவில் நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும்?" என்பதுதான். கல்யாணத்துக்கு வருபவர்களும் கேட்பார்கள். ஷண்முகானந்தாவில் கச்சேரி கேட்க வருபவர்களும் கேட்பார்கள். 1969-ல் வங்கி குமாஸ்தாவாக பம்பாய் வந்து இறங்கியவன் நான். இப்போது டோம்பிவிலியில் ஓய்வில் இருக்கிறேன். ஐம்பது வருஷத்துக்கு மேல் இந்த ஊரில் சாப்பிட்டவன் என்ற ஒரே தகுதியில், அந்தக் கேள்விக்குப் பதிலும் அதன் பின்னால் இருக்கும் சரித்திரமும் இங்கே எழுதுகிறேன்.

பிளேக் தந்த பேட்டை

மாட்டுங்கா நம்மவர்கள் பேட்டையானது தற்செயல் அல்ல. 1896-ல் பம்பாயில் பிளேக் பரவியது. நெரிசலான பழைய நகரத்தில் ஜனங்கள் கொத்துக் கொத்தாக மாண்டார்கள். இதன் விளைவாக 1898-ல் பம்பாய் அபிவிருத்தி டிரஸ்ட் என்ற அமைப்பை அரசாங்கம் ஏற்படுத்தியது. நகரத்துக்கு வடக்கே தாதர், மாட்டுங்கா, சயான் பகுதிகளில் வயலும் தோப்புமாக இருந்த நிலத்தை வாங்கி, அகலமான தெருக்களும் பூங்காக்களும் அமைத்து மனை பிரித்தார்கள். இன்று நாம் காணும் ஃபைவ் கார்டன்ஸும், மகேஸ்வரி உத்யான் என்று பெயர் மாறிய கிங்ஸ் சர்க்கிளும் அந்தத் திட்டத்தில் பிறந்தவை.

1920-களிலும் 30-களிலும் அங்கே மூன்று மாடி, நான்கு மாடி அடுக்கு வீடுகள் எழும்பின. அதே காலத்தில் டைப்ரைட்டிங்கும் சுருக்கெழுத்தும் கற்ற நம் இளைஞர்கள் தஞ்சாவூரிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் ரயிலேறினார்கள். கம்பெனி ஆபீஸ்கள், ரயில்வே, அரசாங்க இலாக்காக்கள் எல்லாவற்றிலும் ஆள் தேவைப்பட்டது. வீட்டுக்குள்ளேயே குளியலறையும் கழிப்பறையும் கொண்ட மாட்டுங்கா ஃபிளாட்டுகள், மடி ஆசாரம் பார்த்த நம் குடும்பங்களுக்குப் பிடித்துப்போயின. 1932-ல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியது. 1952-ல் ஷண்முகானந்த சபை தோன்றி 1963-ல் பெரிய அரங்கமும் கட்டியது. கோவிலும் பஜனையும் வெற்றிலை, வாழையிலை, மல்லிகைப் பூ விற்கும் மார்க்கெட்டும் கூடவே வந்தன.

குடும்பத்தோடு வந்தவர்கள் சிலரே. பெரும்பாலோர் தனிக்கட்டைகள். ஓர் அறையில் நான்கு பேர், ஆறு பேர் என்று பாய் விரித்துப் படுத்தவர்கள். அறையில் சமைக்க வீட்டுக்காரர் விடமாட்டார். அந்தப் பிரம்மச்சாரிகளின் பசிதான் மாட்டுங்கா சாப்பாட்டுக் கடைகளின் அஸ்திவாரம்.

ஆறு வருஷத்தில் ஒரு வரிசை

வருஷங்களைப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரியும். கபே மைசூர் 1936-ல் தொடங்கியது. பாலக்காட்டைச் சேர்ந்த மணி ஐயரின் மணீஸ் லஞ்ச் ஹோம் 1937-ல், ருயா கல்லூரி ஆரம்பித்த அதே வருஷத்தில், அதன் அருகிலேயே தோன்றியது. ராம் ஆஷ்ரய் 1939. கபே மெட்ராஸ் 1940. ராம நாயக் அவர்களின் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ண போர்டிங் 1942. ஆறே வருஷத்துக்குள் அத்தனையும் வந்துவிட்டன.

இவற்றில் கடைசியாக வந்ததற்குத்தான் சோதனை அதிகம் இருந்திருக்கும். போர் நடந்துகொண்டிருந்தது. பர்மா அரிசி வருவது நின்றுபோயிற்று. 1943 மே மாதத்தில் இந்திய நகரங்களிலேயே முதலாவதாகப் பம்பாயில் முழு ரேஷன் முறை வந்தது. அரிசியை அளந்து கொடுக்கும் காலத்தில் வயிறு நிறையச் சோறு போடும் தொழிலை ஒருவர் நிலைநிறுத்தினார் என்றால் அவருடைய சாமர்த்தியத்தை என்ன சொல்வது! இன்றும் அந்த போர்டிங்கின் வாழையிலைச் சாப்பாட்டில் பூரியோ சப்பாத்தியோ முதலில் வந்துவிட்டுத்தான் சாதம் வருகிறது. அந்த நாளில் இது அரிசியைச் சிக்கனப்படுத்த வந்த ஏற்பாடோ, வடக்கத்திய வாடிக்கையாளருக்காக வந்ததோ, எப்படியானாலும் மாட்டுங்கா இலைக்கு அது ஒரு தனி அடையாளமாகிவிட்டது.

"மெட்ராஸ்" என்ற பெயர்

இப்போது நம்மில் பலர் யோசிக்காத விஷயத்துக்கு வருகிறேன். மாட்டுங்கா ஓட்டல்களை "நம்மவர்கள் ஓட்டல்" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். கல்லாவில் இருந்தவர்கள் யார் என்று பாருங்கள். கபே மெட்ராஸைத் தொடங்கியவர் கோபால் காமத். போர்டிங்கைத் தொடங்கியவர் ராம நாயக். இருவரும் கொங்கணி பேசும் சமூகத்தவர். ராம் ஆஷ்ரயைத் தொடங்கியவர் ஷெட்டி, துளு நாட்டுக்காரர். மணி ஐயரை விட்டால், இந்த வரிசையில் தமிழ் பேசும் வீடு ஒன்றும் இல்லை.

காமத் ஒருவர் தம் கடைக்கு மெட்ராஸ் என்று ஏன் பெயர் வைத்தார்? வியாபார தந்திரம் என்று நினைக்கலாம். ஆனால் மங்களூரும் உடுப்பியும் அடங்கிய தென் கன்னட மாவட்டம் 1956 வரை மதராஸ் மாகாணத்தைச் சேர்ந்தது. 1940-ல் பம்பாய்க்கு வந்த உடுப்பிக்காரர், சர்க்கார் கணக்கில் மதராஸ்காரரே. பம்பாய்க்காரர்களுக்கும் தெற்கே இருந்து வந்த எல்லோரும் "மதராஸி"தான். அந்தப் பெயர்ப் பலகைக்குள் ஒரு பழைய மாகாணமே அடங்கியிருக்கிறது.

உடுப்பிக்காரர்கள் இந்தத் தொழிலுக்கு வந்த கதையும் நம் கதையிலிருந்து வேறுபட்டது. நம் பையன்கள் கையில் எஸ்.எஸ்.எல்.சி. சர்டிபிகேட்டுடன் வந்தார்கள். அவர்களுடைய பையன்கள் பலர் பத்துப் பன்னிரண்டு வயதில், ஊர்க்காரர் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு வந்து, தட்டு கழுவி, மேஜை துடைத்து, பிறகு சப்ளையராகி, அடுப்படி கற்று, ஒருசிலர் மட்டும் கல்லாவில் உட்கார்ந்தார்கள். ராத்திரி பள்ளிக்கூடத்தில் எழுத்துப் படித்தவர்கள் உண்டு. நாம் சாப்பிட்டுக் கை கழுவிப் போய் ஆபீஸில் பிரமோஷன் வாங்கியபோது, நமக்குப் பரிமாறிய பையன் அங்கேயே ஓட்டல் பெஞ்சில் படுத்து உறங்கினான். இதை நினைத்தால் "நம் ஓட்டல்" என்று உரிமை கொண்டாடக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

யார் பக்கத்தில் யார்

ஒரு காலத்தில் யாரோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது என்பது பெரிய விவகாரம். சுதந்திரத்துக்கு முன் தென்னிந்திய ரயில் நிலையங்களில் பிராமணர்களுக்குத் தனி உணவறை இருந்தது. சென்னையில் பல ஓட்டல் பலகைகளில் "பிராமணாள்" என்ற சொல் இருந்தது. 1957-ல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்பு பெரியார் நடத்திய போராட்டம் அந்தச் சொல்லை எடுக்கச் சொல்லித்தான். நம் பெரியவர்களில் சிலருக்கு அது வருத்தமான ஞாபகம். ஆனாலும், பணம் கொடுத்து உண்ண வருபவரைப் பலகையே தள்ளி நிற்கச் சொன்னால், அவர் மனம் எப்படி இருந்திருக்கும் என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பம்பாயிலும் ஒவ்வொரு கூட்டத்தாருக்கும் அவரவர் சாப்பாட்டு இடங்கள் இருந்தன. ஆலைத் தொழிலாளர்களுக்குக் கிர்காவ், பரேல் பக்கத்து கானாவள்கள். நமக்கு மாட்டுங்கா வீட்டு மெஸ்கள். 1969-லிருந்து இரண்டு வருஷம் நான் அப்படி ஒரு பாலக்காட்டு மாமியின் மெஸ்ஸில் சாப்பிட்டேன். கூடத்தில் தரையில் பன்னிரண்டு பேர், எல்லோரும் நம்மவர்களே. சிபாரிசு இல்லாமல் அங்கே சேர முடியாது. மிளகூட்டலும் எரிசேரியும் அந்தக் கைமணத்தில் பிறகு நான் எங்கும் சாப்பிட்டதில்லை. மாமிக்கு முடியாமல் போனதும் மெஸ் நின்றது. அடுத்து நடத்த ஆள் இல்லை. நான் அறிந்த வீட்டு மெஸ்களில் பெரும்பாலானவை இதே மாதிரி, நடத்தியவரோடு போய்விட்டன.

போர்டிங்கில் நிலைமை வேறு. டோக்கன் வாங்கியவர் எவரானாலும் காலியான நாற்காலியில் உட்கார வேண்டியதுதான். என் இடப்பக்கம் குஜராத்தி ஜவுளிக்காரர், வலப்பக்கம் மராட்டி ரயில்வே ஊழியர், எதிரில் வி.ஜே.டி.ஐ. மாணவன். யாரும் யாரையும் கோத்திரம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பின்னால் நிற்கும் வரிசை சும்மா விட்டிருக்காது!

இந்தப் பழக்கம் கடைகளைக் காப்பாற்றியது என்பது என் எண்ணம். 1966 ஜூனில் சிவசேனை தோன்றியது. தென்னிந்தியர் வேலைகளைப் பறித்துக்கொண்டார்கள் என்று பிரசாரம் நடந்தது. லுங்கியைக் கேலி செய்யும் கோஷங்கள் கேட்டன. உடுப்பி ஓட்டல்கள் மீது கல்லெறிந்தார்கள். நான் வந்த சமயம் அந்தச் சூடு ஆறவில்லை. ரயிலில் தமிழில் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வோம். ஆனால் கல் விழுந்த ஓட்டல்கள் மறுபடி திறந்தபோது உள்ளே வந்து உட்கார்ந்தவர்களில் மராட்டியர்களும் இருந்தார்கள். இட்லியும் மசால் தோசையும் அதற்குள் அவர்களுடைய காலைச் சாப்பாடாகிவிட்டிருந்தன.

இன்று ஞாயிற்றுக்கிழமை கபே மெட்ராஸ் வாசலில் நின்று பாருங்கள். பெயர் எழுதிக்கொடுத்துவிட்டுத் தெருவில் காத்திருக்கும் கூட்டத்தில் குஜராத்தியும் மராட்டியும்தான் அதிகம் காதில் விழும். நம்மவர்களின் அடுத்த தலைமுறை செம்பூருக்கும் முலுண்டுக்கும் டோம்பிவிலிக்கும் நெருலுக்கும், அங்கிருந்து அமெரிக்காவுக்கும் போய்விட்டது. நாம் விட்டுப்போன நாற்காலியில் மற்றவர்கள் உட்கார்ந்ததால்தான் அடுப்பு இன்னும் எரிகிறது.

வருபவர்களுக்குச் சில குறிப்புகள்

முதலில் ரயில் நிலையம். மாட்டுங்கா என்பது சென்ட்ரல் லைனில். மாட்டுங்கா ரோடு என்பது வெஸ்டர்ன் லைனில். கிங்ஸ் சர்க்கிள் ஹார்பர் லைனில். சாப்பாட்டுக்கு வருபவர்கள் சென்ட்ரல் லைன் மாட்டுங்காவில் இறங்கிக் கிழக்குப் பக்கம் வரவேண்டும்.

காலையில் ராம் ஆஷ்ரய். அன்றைய பண்டங்களைப் பலகையில் எழுதி வைத்திருப்பார்கள். உப்புமாவும் அன்றைய ஷீராவும் கேளுங்கள். நம்மூர் ரவா கேசரிதான் இங்கே ஷீரா. அன்னாசிப்பழம் போட்டது விசேஷம். கபே மெட்ராஸில் ரச வடையும் ராகி தோசையும். கபே மைசூரில் இட்லி. யு.டி.சி.டி.யில் படித்த நாளிலிருந்து இந்தக் கடை தமக்குப் பிடித்தது என்று முகேஷ் அம்பானியே சொல்லியிருக்கிறார். ஆகவே இடம் கிடைக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

மத்தியானத்துக்கு ஸ்டேஷனை ஒட்டிய போர்டிங். மாடி ஏற வேண்டும். முழங்கால் வலிக்காரர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். அளவுச் சாப்பாடு தட்டிலும், வேண்டுமளவு சாப்பாடு வாழையிலையிலும் வரும். பன்னிரண்டு மணிக்கு முன்பே போய்விட்டால் உத்தமம். திங்கட்கிழமையில் போவதாக இருந்தால், திறந்திருக்கிறதா என்று முன்னதாகக் கேட்டுக்கொண்டு போங்கள். சாம்பாரில் வெல்லம் தட்டுப்படும். "இது நம்ம சாம்பார் இல்லையே" என்று முகம் சுளிக்க வேண்டாம். அது உடுப்பி சாம்பார், அப்படித்தான் இருக்கும். ரசம் சாதத்துக்கு வந்ததும் சமாதானமாகிவிடுவீர்கள். வெளியே வந்து மார்க்கெட்டில் ஒரு சுற்று சுற்றி, அரைத்த காப்பிப் பொடி கால் கிலோ வாங்கிக்கொண்டால் அன்றைய யாத்திரை பூர்த்தி.

இன்னொரு வேண்டுகோள். பரிமாறுபவரிடம் எந்த ஊர் என்று விசாரியுங்கள். உடுப்பி, குந்தாப்பூர் என்று சொல்பவர்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள்; பீகாரும் ஜார்க்கண்டும்தான் இப்போது அதிகம். எண்பது வருஷத்துக்கு முன் தென் கன்னடத்துப் பையன் எப்படி வந்தானோ, அப்படியே வந்தவர்கள் இவர்கள். ரசத்தை ஊற்றும்போது "அவுர் தூம்?" என்று கேட்டால், இரண்டு வார்த்தை ஹிந்தியில் நன்றி சொல்லுங்கள்.

மாட்டுங்காவில் பழைய கட்டடங்கள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டுக் கோபுர வீடுகள் வருகின்றன. கடைகள் இடம் மாறுகின்றன, சில மூடுகின்றன. எழுதி வைக்காவிட்டால் வருஷமும் பெயரும்கூட மறந்துபோகும். தில்லி கரோல்பாக்கிலும், கல்கத்தா லேக் மார்க்கெட்டிலும், பெங்களூர் மல்லேஸ்வரத்திலும் இருக்கும் அங்கத்தினர்கள் தங்கள் பேட்டைச் சாப்பாட்டுக் கடைகளைப் பற்றி நம் இதழுக்கு எழுத வேண்டும். எழுபது, எண்பது வயதைக் கடந்தவர்கள் உங்கள் அகத்தில் இருந்தால் இன்றே கேளுங்கள்: முதல் மாதச் சம்பளத்தில் எங்கே சாப்பிட்டார்கள், என்ன விலை, யார் பரிமாறினார்கள் என்று. பரிமாறியவர் பெயர் ஞாபகம் இருந்தால் அதையும் மறக்காமல் சேர்த்து எழுதுங்கள்.