டர்னர் நோய்க்குறியில் மூளை அமைப்பு

பெண்ணின் செல்களில் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களுக்குப் பதில் ஒன்றே இருப்பதாலோ, இரண்டாவது குறைபட்டிருப்பதாலோ உண்டாகும் நிலை டர்னர் நோய்க்குறி. ஏறத்தாழ 2,000 முதல் 2,500 பெண் குழந்தைகளில் ஒருவருக்கு இது காணப்படுகிறது. அமெரிக்க மருத்துவர் ஹென்றி டர்னர் 1938இல் இதை விவரித்தார். குரோமோசோம் காரணம் 1959இல் வெளிப்பட்டது. குள்ளமும் செயல்படாத சூலகமும் முதலில் கண்ணில் படுபவை.

எம்.ஆர்.ஐ. படங்களில் மூளையின் மொத்த அளவு பெரிதாக மாறுவதில்லை. ஆனால் உச்சி, பிடரி மடல்களில் சாம்பல்நிறப் பொருள் குறைகிறது. உணர்ச்சிகளோடு தொடர்புள்ள அமிக்டலா பெருத்திருக்கிறது. இடவுணர்வு, கணக்கு, முகக்குறிப்பு அறிதல் ஆகியவற்றில் பலர் தடுமாறுகிறார்கள். சொல்வளமோ பெரும்பாலும் குன்றுவதில்லை; டர்னர் நோய்க்குறியை அறிவுக் குறைபாடு என்று எண்ணுவது தவறு.

இரண்டு எக்ஸ்களில் ஒன்று ஒவ்வொரு செல்லிலும் செயலடங்கிவிடும் என்பது 1961இல் மேரி லயன் முன்வைத்த கருத்து. அப்படியானால் ஒன்று இல்லாதது ஏன் பாதிக்க வேண்டும்? செயலடங்கிய எக்ஸிலும் கணிசமான மரபணுக்கள் தொடர்ந்து இயங்குகின்றன. ஒரு எக்ஸ் இல்லாதபோது அவற்றின் செயலளவு பாதியாகிறது. ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குறைவுக்கும் பங்குண்டு. எனினும் பூப்புக்கு முந்திய சிறுமியரிடமே மூளை வேறுபாடுகள் தெரிவதால் ஹார்மோனை மட்டும் காரணமாக்க முடியாது.

இதற்கு மாறாக, கூடுதல் எக்ஸ் பெற்ற ஆண்களின் கிளைன்ஃபெல்டர் நோய்க்குறியில் சராசரி மூளை அளவு சற்றுக் குறைகிறது; அங்கே சிரமம் பெரும்பாலும் மொழித்திறனில்.