தூவிப் பையும் ஒரு துளி ஈரமும்

போன வருஷம் ஐப்பசி மாதம் சியாட்டிலில் மகள் வீட்டில் இருந்தேன். மாப்பிள்ளை அலுவலக நண்பரோடு எல்க் மான் வேட்டைக்குப் போவதாக இருந்தார். உரிமம், துப்பாக்கி எல்லாம் நண்பருடைய பொறுப்பு. இவர் மலையில் நாலு ராத்திரி கூடாரத்தில் தங்க வேண்டும். அதற்கு ஒரு ஸ்லீப்பிங் பேக் வாங்கக் கடைக்குப் போனோம்.

"இது 20 டிகிரி வரைக்கும் தாங்குமாம், மாமா" என்றார்.

"20 டிகிரிக்கு எதுக்கு மாப்பிள்ளை இவ்வளவு காசு? ஊட்டியில் அதைவிடக் குளிருமே!" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "இது ஃபாரன்ஹீட் கணக்கு மாமா. நம்ம கணக்கில் மைனஸ் 7."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் அந்தப் பையின் உள்ளே இருந்த சரக்கு எனக்குப் பழக்கமானதுதான். வாத்தின் மார்பில், வெளி இறகுகளுக்கு அடியில் இருக்கும் மெல்லிய தூவி. பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடையில், வாடைக்காலத்தில் அரசி படுத்திருக்கும் மெத்தையில் அன்னத்தின் தூவி உண்டு. குளிருக்குத் தூவி நல்லது என்பது நம் புலவருக்கும் தெரிந்திருக்கிறது.

தூவிக்கு நடுத்தண்டு கிடையாது. எருக்கம் விதையின் பஞ்சு மாதிரி எல்லாப் பக்கமும் விரிந்து நிற்கும். அதற்கென்று தனியாகச் சூடு எதுவும் இல்லை. இழைகளுக்கு நடுவே காற்றை அசையாமல் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். நம் உடம்புச் சூடு அந்தக் காற்றைத் தாண்டி வெளியே போக முடிவதில்லை. நனைந்தால் இழைகள் ஒட்டிக்கொள்ளும், காற்று போய்விடும், மிஞ்சுவது வெறும் பாரம். இதைத் தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்குச் சரித்திரத்தில் ஒரு பாடம் இருக்கிறது.

1911-ல் கேப்டன் ஸ்காட்டின் குழு அண்டார்டிகாவில் இருந்தது. அந்தக் குழுவைச் சேர்ந்த வில்சன், பவர்ஸ், செர்ரி-கராட் என்ற மூன்று பேர் ஜூன் 27 அன்று கேப் எவான்ஸ் முகாமிலிருந்து கேப் குரோசியருக்குப் புறப்பட்டார்கள். எம்பரர் பெங்குயினின் முட்டைகளைக் கொண்டுவருவதற்காக. அது நடுக் குளிர்காலத்தில்தான் முட்டையிடும். போகச் சுமார் 100 கிலோமீட்டர். சூரியனே வராத இருட்டில், ஸ்லெட்ஜ் வண்டியைத் தாங்களே இழுத்துக்கொண்டு போக வேண்டும். வெப்பநிலை மைனஸ் 60 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியது.

மூவருக்கும் பனிமான் தோலால் ஆன தூக்கப் பைகள். உள்ளே போட்டுக்கொள்ள, ஐடர் என்ற கடல்வாத்தின் தூவி அடைத்த இன்னொரு பையும் ஆளுக்கு ஒன்று. அந்தக் காலத்தில் இதைவிட உயர்ந்த சாமான் இல்லை.

அவர்களுக்கு எதிரி வெளியே இருந்த குளிர் மட்டுமல்ல, அவர்களுடைய மூச்சும் வியர்வையும்தான். ராத்திரி உடம்பிலிருந்து போன ஈரம் பைக்குள்ளேயே உறைந்தது. காய வைக்க வெயில் இல்லை. நாளுக்கு நாள் பனிக்கட்டி சேர்ந்துகொண்டே போனது. பைகளைச் சுருட்ட முடியாமல் பலகை மாதிரி வண்டியில் விரித்துப் போட்டு இழுத்தார்கள். ராத்திரி அந்தப் பலகைக்குள் உடம்பை நுழைப்பதே பெரும்பாடு. செர்ரி-கராட்டின் பை புறப்படும்போது 18 பவுண்டு. திரும்பி வரும்போது 40 பவுண்டுக்கு மேல். கூடின எடை முழுவதும் அவருடைய உடம்பிலிருந்து போன தண்ணீர்.

பவர்ஸ் மட்டும் தன் தூவிப் பையைப் பிரிக்காமல் வைத்திருந்தார். குரோசியரில் புயல் வந்து கூடாரத்தையே தூக்கிக்கொண்டு போயிற்று. நல்லவேளையாகப் பிறகு அது கிடைத்தது. திரும்பும் வழியில் செர்ரி-கராட் தூக்கமில்லாமல் துவண்டு போயிருந்தார். பவர்ஸ் தன்னிடமிருந்த அந்தக் காய்ந்த பையை எடுத்து அவரிடம் கொடுத்தார். வாங்கிக்கொள்ள மனசு வராமல், வேறு வழியில்லாமல்தான் வாங்கினார் செர்ரி-கராட். ஆகஸ்ட் 1 அன்று மூவரும் மூன்று முட்டைகளோடு உயிருடன் முகாமுக்கு வந்து சேர்ந்தார்கள்.

அடுத்த வருஷம் மார்ச்சில், தென் துருவத்திலிருந்து திரும்பும்போது ஸ்காட்டுடன் வில்சனும் பவர்ஸும் கூடாரத்திலேயே இறந்தார்கள். நவம்பரில் அவர்களைத் தேடிப் போனவர்களில் செர்ரி-கராட்டும் ஒருவர். தனக்குப் பை கொடுத்தவரை அவர் எந்தக் கோலத்தில் பார்த்திருப்பார்! இந்த இடத்தை எப்போது படித்தாலும் எனக்குக் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைக்கத் தோன்றும்.

மாப்பிள்ளைக்கு இதைச் சொன்னபோது, "அது அண்டார்டிகா மாமா, நான் போறது வார இறுதி வேட்டை" என்றார். அப்படியானால் உங்கள் ஊர்க் கதையையே சொல்கிறேன் என்றேன். எடி பாவர் என்பவர் சியாட்டிலில் 1920-ல் கடை வைத்தவர். வேட்டையும் மீன்பிடியும் அவருக்கு உயிர். 1930-களின் நடுவில் ஒரு குளிர்காலத்தில் ஒலிம்பிக் தீபகற்பத்தில் மீன்பிடிக்கப் போனார். கம்பளிச் சட்டை நனைந்து, உடம்பு விறைத்து, சாவின் விளிம்புக்குப் போய்த் திரும்பினார். அதற்குப் பிறகு 1936-ல் அவர் கொண்டுவந்ததுதான் ஸ்கைலைனர் என்ற தூவிச் சட்டை. தூவி ஒரே பக்கம் ஒதுங்காமல் இருக்கக் கட்டம் கட்டமாகத் தைத்தார். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைக்குத் தூவிச் சட்டைகளும் தூக்கப் பைகளும் செய்து கொடுத்தார்.

கடைக்காரர் "800 ஃபில்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு அவுன்ஸ் தூவி, அதாவது 28 கிராம், 800 கன அங்குல இடத்தை நிரப்பும் என்று அர்த்தம். நம் கணக்கில் சுமார் 13 லிட்டர். எண் கூடினால் அதே சூட்டுக்கு எடை குறையும். எல்க் வேட்டையில் இது சின்ன விஷயமில்லை. மான் கிடைத்தால் அதன் இறைச்சியையும் முதுகில் சுமந்து இறங்க வேண்டும். ஆனால் 800 என்பது காய்ந்த தூவியின் கணக்கு.

வெப்ப எண்ணிலும் ஒரு சூட்சுமம் உண்டு. முன்பெல்லாம் ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு ஓர் எண் போடும். 2005-ல் ஐரோப்பாவில் ஈஎன் 13537 என்ற தரம் நடைமுறைக்கு வந்தது. இப்போது அது ஐஎஸ்ஓ 23537. அதில் நிம்மதியாகத் தூங்கும் அளவு ஒன்று, சுருண்டு படுத்துச் சமாளிக்கும் கீழ் எல்லை ஒன்று என இரண்டு எண்கள் உண்டு. பையின் பெயரோடு வருவது பல நேரம் இரண்டாவதுதான். பார்க்க வேண்டியது முதலாவதை.

அப்புறம் நான் கேட்ட கேள்வி ஒன்றுதான். "மலைக்கு எந்தப் பக்கம் போறீங்க?"

கேஸ்கேட் மலைக்கு மேற்கே ஓயாத மழை, கிழக்கே வறண்ட குளிர். மேற்கே போவதானால் செயற்கைப் பஞ்சு அடைத்த பை எடுங்கள், கனமாக இருந்தாலும் நனைந்தால் முழுசாகக் கைவிடாது என்றேன். அவர் போவது கிழக்கே. அதனால் தூவிப் பையே எடுத்தோம். நிம்மதியாகத் தூங்கும் அளவே மைனஸ் 7 உள்ளதாகப் பார்த்து எடுத்தோம். கூடவே தண்ணீர் புகாத உறை ஒன்று. அடியில் போட நல்ல பாய் ஒன்று, ஏனென்றால் உடம்புக்கு அடியில் நசுங்கின தூவியில் காற்று நிற்காது.

"வியர்த்த துணியோட உள்ளே போகாதீங்க. மூக்கும் வாயும் வெளியில் இருக்கட்டும். வெயில் வந்தால் பையை விரிச்சுப் போடுங்க" என்று சொல்லி அனுப்பினேன்.

நாலு நாள் கழித்து வந்தார். மான் கிடைக்கவில்லை. "தூங்கினேன் மாமா" என்றார். எனக்கு அது போதும்.

மறுநாள் காலையில் பார்த்தால், பால்கனிக் கம்பியில் அந்தப் பையை விரித்துக் காயப் போட்டிருந்தார். எங்கள் அம்மா மொட்டை மாடியில் இலவம்பஞ்சு மெத்தையைக் காயப் போட்டு, சாயங்காலம் தட்டித் தட்டி உப்ப வைப்பாள். நான் எழுந்து போய் அந்தப் பையை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு வந்தேன்.