பழைய சார்ஜரும் புதிய பேட்டரியும்

என்னிடம் இருப்பது பழைய மாடல் மின் ஸ்கூட்டர். மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டாத ரகம்; லைசென்ஸ், பதிவு எதுவும் தேவையில்லை. சீட்டுக்கு அடியில் 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரிகள் நான்கு, தொடராக இணைத்து 48 வோல்ட். நான்கும் சேர்ந்து 25 கிலோ இருக்கும். இரண்டே வருடத்தில் அவை சோர்ந்துபோக, லித்தியத்துக்கு மாற்றலாம் என்று பட்டறையில் விசாரித்தேன். "மாத்திடலாம் சார். சார்ஜர் புதுசா வாங்க வேணாம். இதுவும் 48, அதுவும் 48. பழசே போதும்" என்றார் மெக்கானிக்.

போதுமா என்று தேடப்போனதில் எழுதியதுதான் இந்தக் குறிப்பு. அதற்கான பதில் 160 வருடக் கதைக்குள் இருக்கிறது. கதையில் முக்கியப் பாத்திரம் தண்ணீர்.

1859ல் பிரான்சின் காஸ்தோன் பிளான்டே, சுருட்டிய ஈயத் தகடுகளை நீர்த்த கந்தக அமிலத்தில் வைத்து, திரும்பத் திரும்ப சார்ஜ் ஏற்றக்கூடிய பேட்டரியைச் செய்தார். 1881ல் காமீல் ஃபோர் தகடுகளில் ஈயப் பசையைப் பூசி அதன் கொள்ளளவைக் கூட்டினார். அதே ஆண்டு பாரிஸில் குஸ்தாவ் துரூவே மூன்று சக்கர மின்வண்டி ஒன்றை ஓட்டிக் காட்டினார். என் ஸ்கூட்டருக்கு அதுதான் கொள்ளுப்பாட்டன்.

இந்தப் பேட்டரியில் சார்ஜ் அதிகமானால் என்ன ஆகும்? உள்ளே வரும் மின்சாரம் தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கும். வீட்டு இன்வெர்ட்டருக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றியவர்களுக்கு இது தெரியும். குறைந்த தண்ணீர் போன வழி பெரும்பாலும் இதுதான். ஸ்கூட்டரில் வரும் சீல் செய்த பேட்டரியில் இந்த வாயுக்களில் பெரும்பகுதி உள்ளேயே மறுபடி தண்ணீராகிவிடும்.

இதில் ஒரு சௌகரியமும் உண்டு. 48 வோல்ட்டுக்கு 24 செல்கள் தொடராக நிற்கின்றன. எல்லாம் ஒரே நேரத்தில் நிறையாது. முந்தி நிறைந்த செல் தண்ணீரைப் பிரித்துக்கொண்டே மின்சாரத்தை அடுத்ததற்கு விடும், பின்தங்கியதும் நிறைந்துவிடும். மூடிய அறையில் ஹைட்ரஜன் சேர்ந்தால் ஆபத்துதான். மற்றபடி சார்ஜர் கொஞ்சம் முரட்டுத்தனமாக இருந்தாலும் அந்த அடியைத் தண்ணீர் வாங்கிக்கொள்ளும்.

லித்தியத்துக்கும் தண்ணீருக்கும் ஆகாது. ஒரு செல்லில் 3, 4 வோல்ட் வேண்டுமென்றால் தண்ணீரை விட்டுவிட்டு எரியக்கூடிய கரிமத் திரவத்துக்குப் போக வேண்டும். 1970களில் எக்ஸான் நிறுவனத்தில் ஸ்டான்லி விட்டிங்ஹாம் செய்த லித்திய பேட்டரியில் ஒரு முனை சுத்த லித்திய உலோகம். சார்ஜ் ஏற்ற ஏற்ற உலோகம் முள் முள்ளாக வளர்ந்து எதிர்முனையைத் தொட்டுவிடும் அபாயம் இருந்தது. கனடாவின் மோலி எனர்ஜி அப்படிப்பட்ட உலோக லித்திய பேட்டரியை விற்பனைக்கே கொண்டுவந்தது. 1989ல் ஜப்பானில் கைபேசிகள் தீப்பிடிக்க, பேட்டரிகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. நிறுவனமும் நொடித்தது.

அதற்குள் மாற்று வழி தயாராகியிருந்தது. 1980ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குட்இனஃப் குழு கோபால்ட் ஆக்சைடு நேர்முனையைக் காட்டியது. 1985ல் ஜப்பானின் அகிரா யோஷினோ உலோகத்துக்குப் பதிலாகக் கார்பனை வைத்தார். 1991ல் சோனி அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2019ல் விட்டிங்ஹாம், குட்இனஃப், யோஷினோ மூவருக்கும் நோபல். இடையில் 1997ல் குட்இனஃபும் பாதி, நஞ்சுண்டசுவாமி உள்ளிட்ட சக ஆய்வாளர்களும் இரும்பு பாஸ்பேட் நேர்முனையை வெளியிட்டார்கள். அதில் ஆக்சிஜன் இறுக்கமாகப் பிணைந்திருப்பதால் சூட்டை அதிகம் தாங்கும்.

இத்தனை முன்னேற்றத்திலும் தண்ணீர் செய்த வேலையைச் செய்ய வேறொரு திரவம் வரவில்லை. எல்லை மீறிச் சார்ஜ் ஏற்றினால் கார்பன் மேல் லித்திய உலோகம் படியும். கோபால்ட், நிக்கல் வகைகளில் நேர்முனை ஆக்சிஜனையும் வெளிவிடும். சூடு சூட்டை வளர்க்கும். அதனால்தான் ஒவ்வொரு செல்லையும் அளந்து, சமன் செய்து, தேவைப்பட்டால் துண்டிக்கும் பிஎம்எஸ் என்ற மின்னணுப் பலகை வந்தது.

இப்போது மெக்கானிக்கின் கணக்குக்கு வருவோம். "48 வோல்ட்" என்பது வெறும் பெயர். என் பழைய சார்ஜர் கடைசியில் தருவது 58, 59 வோல்ட். நிக்கல் வகை பேக்கில் 13 செல்கள், செல்லுக்கு 4.2 வீதம் உச்சம் 54.6 வோல்ட். பழைய சார்ஜரைச் சொருகினால் செல்லுக்கு 4.4க்கு மேல் போகப் பார்க்கும். இரும்பு பாஸ்பேட்டில் 16 செல்கள், செல்லுக்கு 3.65, மொத்தம் 58.4. பொருந்துகிற மாதிரி தெரியும். ஆனால் லெட் ஆசிட் சார்ஜர் நிறைந்தபிறகும் முழுதாக நிற்காது, குறைந்த அழுத்தத்தில் தொடர்ந்து ஊட்டும். சிலவற்றில் தகட்டைச் சுத்தம் செய்ய அதிக வோல்ட் துடிப்புகளும் உண்டு. "அதெல்லாம் பிஎம்எஸ் பாத்துக்கும்" என்பார்கள். பிஎம்எஸ் கடைசி வேலி. தினமும் போய் அதில் முட்டக் கூடாது.

2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் சார்ஜில் இருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்துத் தந்தையும் மகளும் இறந்தார்கள். அந்த ஆண்டு நடந்த தொடர் தீவிபத்துகளுக்குப் பிறகு ஏஐஎஸ் 156 என்ற பேட்டரிப் பாதுகாப்பு விதியைக் கடுமையாக்கினார்கள். அது கம்பெனியிலிருந்து வரும் வண்டிக்கு. பட்டறையில் கோத்த பேக்கை அப்படி யாரும் சோதித்துத் தருவதில்லை.

கடைசியில் 16 செல் இரும்பு பாஸ்பேட் பேக்கும் அதற்கென்றே வந்த சார்ஜரும் வாங்கினேன். ஓட்டி வந்ததும் சொருகுவதில்லை, அரை மணி நேரம் ஆற விடுகிறேன். ராத்திரி சார்ஜ் கிடையாது. வாசல் வழியை மறிக்காமல், போர்டிகோவில், கண்ணெதிரே. பேக் உப்பினாலோ வாடை வந்தாலோ அதோடு பயன்படுத்துவதை நிறுத்திவிட வேண்டும்.

பழைய சார்ஜரின் பின் புதிய பேக்கிலும் அப்படியே பொருந்துகிறது. வீட்டில் யாராவது தெரியாமல் சொருகிவிடப் போகிறார்கள் என்று அதன் வயரை வெட்டி வைத்துவிட்டேன்.