பதினேழாம் குழியில் மூன்றா, நான்கா? 1968 மாஸ்டர்ஸ் போட்டியும் ஆவணத்தின் அதிகாரமும்

ஓர் ஆவணம் பிழையானது என்பதை அனைவரும் அறிந்திருந்தும் அதுவே வரலாறாக நிலைபெறுவதுண்டு. 1968 ஏப்ரலில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து அகஸ்டா நேஷனல் மைதானத்தில் நடைபெற்ற மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டி அதற்குத் தெளிவான சான்று. ஒற்றை எண்ணின் பிழையாக மட்டுமே அது இன்று நினைவுகூரப்படுகிறது. நான்கு சுற்றுகளையும் வரிசையாகப் பார்த்தால் வேறொரு சித்திரம் கிடைக்கிறது.

ஆட்டத்தை அறியாதவர்களுக்குச் சுருக்கமாக: நாளொன்றுக்கு 18 குழிகள் வீதம் நான்கு நாள்கள் ஆட்டம் நடைபெறும். மிகக் குறைந்த அடிகளில் முடிப்பவரே வெற்றியாளர். ஆட்டக்காரரின் மதிப்பெண் அட்டையை அவருடன் ஆடுபவர் நிரப்புவார். இறுதியில் இருவரும் அதில் கையொப்பமிட வேண்டும்.

முதல் நாள் பில்லி காஸ்பர் 68 அடிகளுடன் முன்னிலை பெற்றார். அர்ஜென்டினாவின் ராபர்ட்டோ டி விசென்சோ 69, அமெரிக்கரான பாப் கோல்பி 70. இரண்டாம் நாள் முடிவில் கேரி பிளேயரும் டான் ஜனவரியும் 139 என்ற மொத்தத்துடன் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டனர். கோல்பி ஓர் அடி மட்டுமே பின்தங்கியிருந்தார். 73 அடிகள் எடுத்த டி விசென்சோ சற்றே பின்வாங்கினார். மூன்றாம் நாள் முடிவில் பிளேயர் 210, கோல்பி 211, டி விசென்சோ 212. எவரும் வெல்லலாம் என்ற நிலை.

ஏப்ரல் 14, ஈஸ்டர் ஞாயிறு. டி விசென்சோவின் 45ஆம் பிறந்தநாளும் அதுவே. முதல் குழியில் அவருடைய இரண்டாவது அடியிலேயே பந்து குழிக்குள் விழுந்தது. முதல் ஒன்பது குழிகளை 31 அடிகளில் முடித்தார். பதினேழாம் குழியில் மூன்று அடிகள். இதைத் தொலைக்காட்சியிலும் மக்கள் கண்டனர். கடைசிக் குழியில் ஓர் அடி கூடுதலாகச் செலவிட்டும் அன்றைய கணக்கு 65. அவருக்குப் பின்னே வந்துகொண்டிருந்த கோல்பி 13, 14ஆம் குழிகளில் ஒவ்வோர் அடியும் 15ஆம் குழியில் இரண்டு அடிகளும் மிச்சப்படுத்தி, பதினேழில் ஓர் அடியை இழந்து, 66இல் முடித்தார். இருவரின் மொத்தமும் 277. விதிப்படி மறுநாள் இருவரும் மீண்டும் 18 குழிகள் ஆடியிருக்க வேண்டும்.

ஆனால் டி விசென்சோவுடன் ஆடிய டாமி ஆரன், பதினேழாம் குழிக்கு நேரே 4 என்று எழுதியிருந்தார். டி விசென்சோ அதைச் சரிபாராமல் கையொப்பமிட்டார். உண்மையைவிடக் கூடுதலான எண்ணில் கையொப்பமிட்டால் அந்த எண்ணே நிற்கும். குறைவான எண்ணில் கையொப்பமிட்டால் தகுதிநீக்கம் என்பது விதி. 1957 அமெரிக்க மகளிர் ஓப்பனில் ஜாக்கி பங் இவ்விதியின் மறுபக்கத்தைச் சந்தித்தார்: மொத்தம் சரியாக இருந்தும், ஒரு குழியின் எண் குறைவாக எழுதப்பட்டிருந்ததால் கைக்கெட்டிய பட்டத்தை இழந்தார். அகஸ்டாவில், நோயுற்றிருந்த நிறுவனர் பாபி ஜோன்ஸிடமும் கலந்து பேசினர். வழியில்லை. டி விசென்சோவின் கணக்கு 66, மொத்தம் 278, இரண்டாமிடம் எனப் பதிவாயிற்று.

சட்டம் உண்மையை வென்றுவிட்டது என்று இதற்குப் பொருள் சொல்வது எளிது. எனினும், பரந்த மைதானத்தில் ஒரே நேரத்தில் பலர் ஆடும்போது ஒவ்வோர் அடியையும் பார்க்க நடுவர் இருப்பதில்லை. ஆட்டக்காரரின் ஒப்புதலே அங்கு அடித்தளம். சில கூற்றுகள் உலகை விவரிப்பதில்லை, சொல்லப்படும்போதே ஒரு செயலை நிகழ்த்துகின்றன என்று மொழித் தத்துவவாதி ஜே. எல். ஆஸ்டின் விளக்கினார். அட்டையில் இடும் கையொப்பம் அத்தகையது. ‘இது நடந்தது’ என்று அறிவிப்பதோடு, ‘இதற்கு நான் பொறுப்பு’ என்ற உறுதியையும் அது அளிக்கிறது. முதலாவது பொய்த்தாலும் இரண்டாவது செல்லுபடியாகிவிடுகிறது. டி விசென்சோ இதை உணர்ந்தவர் போலும். ஆரனையோ விதியையோ பழிக்காமல் தம்மையே நொந்துகொண்டார்.

இந்த நினைவில் அதிகம் மறைந்துபோனவர் கோல்பி. அட்டைப் பிழையில் அவருக்கு யாதொரு பங்கும் இல்லை. நெருக்கடியான இறுதிக் குழிகளில் அவர் ஆடிய ஆட்டம் எவ்வகையிலும் குறைந்ததன்று. ஆயினும் வசைக் கடிதங்கள் அவரைத் தேடி வந்தன. அதன்பின் வேறு பெரும் பட்டம் எதையும் அவர் வெல்லவில்லை. மறுநாள் ஆடி வெல்லும் வாய்ப்பு டி விசென்சோவைப் போலவே தமக்கும் மறுக்கப்பட்டது என்ற குறை அவருக்கு இருந்தது. டி விசென்சோவுக்கு இழைக்கப்பட்ட அநீதியைப் பதிவேடு மறைக்கவில்லை. நாம் அனைவரும் அதை அறிவோம். கோல்பிக்கு இழைக்கப்பட்ட அநீதி பதிவேட்டில் இல்லை. அது நம் நினைவுகூரும் முறையில் இருக்கிறது. ஆவணத்தின் பிழையைத் திருத்த முனையும் ஆய்வாளர் நினைவின் பிழையையும் அதே கண்டிப்புடன் சோதிக்க வேண்டும்.